ராமானுஜனுக்கும் இதுதானாம்

எனக்கு ஆட்டிசம் என்று நாற்பது வயதில் உறுதியானதும், கும்பகோணத்து உறவுகள் ஆளாளுக்குச் சொன்ன ஆறுதல் ஒன்றுதான்: "கவலைப்படாதேடா, நம்ம ராமானுஜனுக்கும் இதுதானாம்." யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று தேடத் தொடங்கினேன்.

தடம் பிடித்துப் போனதில், அயர்லாந்து மனநல மருத்துவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் 2004இல் எழுதிய நூல் கிடைத்தது. விட்கன்ஸ்டைன், லூயி கரோல் வரிசையில் கணித மேதை ராமானுஜனையும் வைத்து ஆராய்கிறார். ராமானுஜன் மறைந்தது 1920இல். லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்து எழுதியதோ 1943இல். செத்தவருக்குச் சீட்டு எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று வயது வரை பேசவில்லை என்பதெல்லாம் போதாது. போதாக்குறைக்கு, மேதையைக் காட்டி ஆறுதல் சொன்னால் மேதையாக இல்லாதவன் இன்னொரு முறை கூசிப்போக வேண்டும்.

ஆனால் ராபர்ட் கனிகல் 1991இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அவமானம் என்றால் இந்த மனிதர் ஓடுகிறார், இல்லாவிட்டால் ஒளிக்கிறார். பள்ளிக் கணக்குப் பரீட்சையில் நண்பன் 43, இவர் 42. அழுகை, அவனோடு பேச்சு நின்றது. முக்கோணவியலில் தானே கண்டதை ஆய்லர் எப்போதோ கண்டுவிட்டார் என்று தெரிந்ததும் தாள்களைக் கூரையில் செருகி மறைத்தார். யாரும் திட்டவில்லை. கல்யாண வீட்டில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு, பந்திக்கு நிற்காமல் பஸ் ஏறிய எனக்கு இது புரிகிறது.

பெரிய ஓட்டம் 1905இல். காவிரிக் கரையில், தென்னகத்துக் கேம்பிரிட்ஜ் என்று பெயரெடுத்த கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர எதையும் தொடாமல் ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை போயிற்று. ஒரு பருவத்துக்கு 32 ரூபாய் கட்டணம். புடவைக் கடைக் கணக்கரான அப்பாவுக்கு மாதம் 20 ரூபாய்தான். பணத்தைவிடப் பெரிய சுமை ஊர் என்று நினைக்கிறேன். அவர் வீடு இருந்த சாரங்கபாணி சன்னதித் தெருவின் திண்ணைகளைப் பார்த்தால் தெரியும்: அங்கே ஒருவன் தவறியதைக் கேள்விப்படாத வீடு இருந்திருக்காது. பிறவிக் கூச்சம் என்கிறார்கள். தூக்கிவைத்த கையே இறக்கியதால் வந்தது என்பது என் கட்சி. சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். காணவில்லை என்று வீட்டார் ‘தி இந்து’வில் விளம்பரம் கொடுத்தார்கள்.

அதே மனிதர் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலேயே தான் குமாஸ்தா, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று சொல்லிவிடுகிறார். இடையில், பட்டத்தைக் கேட்காமல் அவருடைய கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்த சிலர் கிடைத்திருந்தார்கள். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார்; 1912இல் சென்னைத் துறைமுகத்தில் வேலையும் அமைந்தது.

குணமாகிவிட்டார் என்று முடித்துவிட முடியாது. பிறகு கேம்பிரிட்ஜ் போனபோது, அங்கே நண்பர் சாட்டர்ஜியையும் உடன்வந்த பெண்களையும் அழைத்துத் தானே சமைத்துப் பரிமாறினார். மூன்றாம் முறை பரிமாறும்போது அந்தப் பெண்கள் போதும் என்றதும் ஆளைக் காணோம். ஆக்ஸ்போர்டுக்குப் போயிருந்தார். ஆனால் இந்த முறை விளம்பரம் கொடுத்து யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லி அவரே சாட்டர்ஜிக்குத் தந்தி அடித்தார். திரும்பி வந்து காரணத்தையும் சொன்னார்: பரிமாறியதை வேண்டாம் என்றது அவமானமாக இருந்ததாம்.