முறிகண்டிப் பிள்ளையார் திருத்தின ஏசி

எங்கட அப்பாவிட்ட ஒரு பழைய டபிள் கப் இருக்கு. என்னை விட இரண்டு வயது இளசு. கிளிநொச்சியில இருந்து கொழும்புக்கும் கட்டுநாயக்காவுக்கும் ஹயர் ஓடித்தான் என்னையும் தம்பியையும் படிப்பிச்சவர். வீட்டில "வாகனம்" எண்டால் அது ஒண்டுதான்.

2023 இல அந்த வாகனத்தின்ர ஏசிக்கு ஒரு விசித்திரமான வருத்தம் வந்தது. வெளிக்கிடேக்க நல்லாக் குளிரும். ஊருக்குள்ள ஓடினால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஏ9 வீதியில ஏறி ஒரு மணித்தியாலம் அளவில ஓடினாப் பிறகு காற்று மெல்ல மெல்லக் குறையும். ப்ளோவர் நாலாம் நம்பரில இருக்கும், சத்தமும் கேட்கும், ஆனால் கையை வச்சுப் பார்த்தால் மூச்சுக்காற்றளவுதான் வரும். கடைசியில அதுவும் நிண்டுபோகும். பிறகென்ன, கண்ணாடியை இறக்கிப்போட்டு அனல் காற்றில ஓடவேண்டியதுதான்.

கொழும்பில இருந்து திரும்பி வரேக்க அப்பா வவுனியாவில சாப்பிட நிப்பாட்டுவார். அதுக்குப் பிறகு மாங்குளம் வர ஏசி படுத்திடும். மாங்குளம் தாண்டினால் முறிகண்டி. அந்த வீதியால போற ஆக்களுக்குத் தெரியும், முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போற டிரைவர்மார் குறைவு. அப்பா தேங்காய் உடைச்சு, விபூதி பூசி, கச்சான் வாங்கி, தேத்தண்ணி குடிச்சு, ஆரோ தெரிஞ்ச டிரைவரோட கதைச்சு வர அரை மணித்தியாலம் போயிடும். திரும்ப ஏறி ஏசியைப் போட்டால் புது வாகனம் மாதிரிக் குளிரும்.

"பாத்தியே பிள்ளை, பிள்ளையார் திருத்திப்போட்டார்" எண்டுவார் அப்பா.

முதல் இரண்டு மூண்டு தரம் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சம். பிறகு சிரிப்பு வரேல்ல.

கராஜுக்குக் கொண்டுபோனம். வாகனத்தை நிப்பாட்டி வச்சு ஏசியைப் போட்டுப் பார்த்தினம். நல்லாக் குளிர்ந்தது. "காஸ் குறைஞ்சிருக்கும் அண்ணை, அடிச்சு விடுவம்" எண்டு, உள்ள இருந்த காஸை வெளியில திறந்து விட்டிட்டுப் புதுசா அடிச்சினம். அடுத்த கொழும்புப் பயணத்தில மாங்குளத்தடியில அதே கதை. திரும்பப் போனம். திரும்ப காஸ். மூண்டு தரம் இப்பிடி நடந்தது. ஒவ்வொரு தரமும் 10,000 ரூபாய்க்கு மேல போச்சு.

நாலாம் தரம் வேற ஒரு கராஜ். அங்க "கொம்பிரசர் மாத்தவேணும்" எண்டிட்டினம். அப்ப இருந்த நிலைமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 இல நிறுத்தின வாகன இறக்குமதி அப்பவும் திறபடேல்ல. 2022 இல ரூபாய் விழுந்து, 200 அளவில இருந்த டொலர் 360 ஐத் தொட்டாப் பிறகு உதிரிப்பாகம் எல்லாத்துக்கும் நெருப்பு விலை. கொம்பிரசர் விலையைக் கேட்டிட்டு அப்பா ஒண்டும் பேசேல்ல. வீட்ட வந்து, "ஏசி இல்லாமலே ஓடுவம், முந்தி ஓடேல்லையே" எண்டார்.

முந்தி ஓடினவர்தான். ஆனால் முந்தி அவருக்கு நாற்பது வயது. இப்ப அறுபதுக்குக் கிட்ட, சீனி வருத்தமும் பிறஷரும் இருக்கு.

ஆவணி மாதம் ஒரு நாள். கட்டுநாயக்காவில ஒரு குடும்பத்தை இறக்கிப்போட்டு நானும் அப்பாவும் திரும்பி வாறம். ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. மத்தியான வெயில். புளியங்குளம் தாண்டினாப் பிறகு ஏசி நிண்டுது, கண்ணாடியை இறக்கினம். கொஞ்ச நேரத்தில வாகனம் வெள்ளைக்கோட்டைத் தாண்டி மெல்ல இடப்பக்கம் போகுது. அப்பாவைப் பார்த்தால் கண் திறந்துதான் கிடக்கு, ஆனால் ஆள் இல்லை. "அப்பா" எண்டு கத்தினன். பிரேக் அடிச்சார். இடது பக்க ரயர் இரண்டும் கிறவலில.

ஒரு பாலை மரத்தடியில இருத்தித் தண்ணி குடுத்தன். சேர்ட் முழுக்க நனைஞ்சிருந்தது. கை நடுங்கினது. கொஞ்ச நேரத்தால, "கொம்மாட்டச் சொல்லாத" எண்டார்.

என்னட்ட அப்ப லைசன்ஸ் எடுத்து இரண்டு வருசம். "நான் ஓடுறன் அப்பா" எண்டன். "உனக்கு ஏ9 தெரியாது" எண்டிட்டு அவரே ஏறி ஓடினார். முறிகண்டியில நிப்பாட்டினார். கும்பிட்டார். வந்து ஏசியைப் போட்டார். குளிர்ந்தது. எனக்கு அண்டைக்குப் பிள்ளையாரிலயும் கோவம், ஏசியிலயும் கோவம், அப்பாவிலயும் கோவம்.

நான் கம்பஸில படிச்சது வரலாறு. ஏசிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு தம்பி இண்டைக்கும் நக்கலடிக்கிறவன். ஆனால் வரலாறு படிச்ச ஆளுக்கு ஒரு பழக்கம் இருக்கும்: எப்ப தொடங்கினது, அதுக்கு முன்னால என்ன நடந்தது, ஆர் பார்த்தது எண்டு கேட்கிறது. ஒரு கொப்பி எடுத்து எழுதத் தொடங்கினன். திகதி, வெளிக்கிட்ட நேரம், காற்று குறைஞ்ச இடம், வெயிலா மழையா, எவ்வளவு நேரம் நிப்பாட்டினது.

ஐஞ்சு பயணம் முடிய மூண்டு விசயம் தெரிஞ்சது.

ஒண்டு, வெயில் கூடின நாளில ஏசி பிந்தித்தான் நிக்குது, மழை பெய்த பின்னேரத்தில முந்தி நிக்குது. நாங்கள் எல்லாரும் நேர்மாறா நினைச்சுக்கொண்டிருந்தம்.

இரண்டு, முறிகண்டியில வாகனம் நிண்ட இடத்தில பெரிய தண்ணிக்குட்டை. ஏசி போட்டால் கீழ தண்ணி சொட்டுறது வழமை. காற்றில இருக்கிற ஈரம் கூலிங் கொயிலில பட்டுத் தண்ணியாகி ஒரு குழாயால வெளியில வரும். ஆனால் இது சொட்டு இல்லை, வாளி கவிண்ட மாதிரி.

மூண்டாவது அப்பா சொன்னது. கொப்பியைப் பார்த்திட்டு, "முந்தி ஓடேக்க டக், டக் எண்டு ஒரு சத்தம் கேட்கும் பிள்ளை. கொம்பிரசர் பிடிக்கிறதும் விடுறதும். இப்ப லோங் ரூட்டில அது கேட்கிறேல்ல" எண்டார். மாதக்கணக்கா அவருக்கு இது தெரிஞ்சிருக்கு. ஆரும் கேட்கேல்ல, அவரும் சொல்லேல்ல.

மூண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விடைதான் வந்தது: ஐஸ். ஏசி பழுதாகிக் குளிராமல் விடேல்ல. அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்திருக்கு. கொயில் பூச்சியம் பாகைக்குக் கீழ போக, அதில படுற ஈரம் தண்ணியாகி வடியாமல் உறைஞ்சிடும். தகடுகளுக்கு நடுவில ஐஸ் அடைச்சால் ப்ளோவர் எவ்வளவு ஊதினாலும் காற்று வராது. மழை நாளில காற்றில ஈரம் கூட, சூடு குறைவு, அதால கெதியா உறையும். கராஜில இது ஏன் பிடிபடேல்ல எண்டதும் விளங்கினது. நிண்ட இடத்தில எஞ்சின் மெதுவாச் சுத்தேக்க கொம்பிரசருக்கு அவ்வளவு வேகம் இல்லை. லோங் ரூட்டில ஒரே வேகமா ஓடேக்கதான் உறையும். முறிகண்டியில அரை மணித்தியாலம் நிக்க ஐஸ் உருகித் தண்ணியாப் போயிடும்.

சரியோ எண்டு பார்க்க ஒரு வழி இருந்தது. அடுத்த பயணத்தில கனகராயன்குளம் தாண்ட காற்று குறையத் தொடங்கினது. நான் ஏசி சுவிச்சை மட்டும் நிப்பாட்டிப்போட்டு ப்ளோவரைக் கூட்டி விட்டன். வாகனம் ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிசம், பன்னிரண்டு நிமிசம், காற்று திரும்ப வரத் தொடங்கினது. ஏசியைப் போட்டன். குளிர்ந்தது. முறிகண்டி வாறதுக்கு முதலே.

அப்பா என்னைப் பார்த்தார், முன்னால வீதியைப் பார்த்தார். "அப்ப பிள்ளையார் இல்லையோ" எண்டு மட்டும் கேட்டார். ஆனால் முறிகண்டியில வழமை போல நிப்பாட்டினவர்.

ஐஸ் எண்டு தெரிஞ்சது, ஏன் எண்டு தெரியேல்ல. கிளவ் பொக்ஸில இருந்த பழைய பில்லுகளை எடுத்து வரிசையா அடுக்கினன். பங்குனியிலதான் முதல் தரம் ஏசி நிண்டது. அதுக்கு மூண்டு கிழமைக்கு முதல் ஒரு பில்: "கூலிங் கொயில் கழட்டிக் கழுவியது." ஏசியில கூடாத மணம் வருது எண்டு அப்பா குடுத்த வேலை.

யாழ்ப்பாணத்தில வாகன ஏசி மட்டும் பார்க்கிற ஒரு பாஸிட்டப் போனம். என்னை விட ஒரு ஐஞ்சு வயது கூட இருக்கும். வாகனத்தைத் தொடுறதுக்கு முதல், "என்ன நடக்குது எண்டு முதலில இருந்து சொல்லுங்கோ ஐயா" எண்டார். அப்பா வாயைத் திறந்திட்டு நிப்பாட்டினார். "பிள்ளை சொல்லுவா" எண்டார்.

நான் கொப்பியைக் குடுத்தன். பாஸ் ஒவ்வொரு வரியா வாசிச்சார். சிரிக்கேல்ல. கேஜைக் கொழுவி, எஞ்சினை 2,000 சுற்றில பிடிச்சுக்கொண்டு நிண்டார். "இந்த ஊசியைப் பாருங்கோ தங்கச்சி. 134ஏ காஸுக்கு இந்தப் பக்கம் 28 பிஎஸ்ஐ எண்டால் கொயில் பூச்சியம் பாகையில எண்டு அர்த்தம். அதுக்குக் கிட்ட வரேக்க கொம்பிரசர் விடவேணும்." ஊசி 28 ஐத் தாண்டி 20 மட்டும் இறங்கினது. கொம்பிரசர் விடேல்ல.

டாஷ்போர்ட்டுக்குக் கீழ கையை விட்டுத் தடவி ஒரு வயரை இழுத்தார். நுனியில ஒரு சின்னக் கறுப்புக் குமிழ். தெர்மிஸ்டர். கொயிலின்ர தகடுகளுக்கு நடுவில செருகியிருந்து, உறையப் போகுது எண்டால் கொம்பிரசரை நிப்பாட்டச் சொல்லுறது அதின்ர வேலை. எங்கட வாகனத்தில அது ஒரு மூலையில சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கடையில ஒரு கப் ஐஸ் தண்ணி வாங்கிவந்து அதைப் போட்டு மீற்றரால பார்த்தார். குளிரக் குளிர அதின்ர தடை கூடவேணும். கூடினது. "சாமான் நல்லம். இருந்த இடம்தான் பிழை. கொயிலைக் கழுவிப் பூட்டேக்க திரும்பச் செருக மறந்திட்டினம்."

செருகினார். எஞ்சினைத் திரும்ப 2,000 இல பிடிச்சார். ஊசி இறங்கி 28 க்குக் கிட்ட வர, டக். அப்பாவின்ர முகத்தைப் பார்த்தன். அந்தச் சத்தத்தை அவர் எனக்கு முதலே கேட்டிட்டார்.

2,000 ரூபாய் வாங்கினார். புதுச் சாமான் ஒண்டும் இல்லை.

உங்கட வீட்டு வாகனத்திலயும் இப்பிடி நடந்தால் ஒண்டைக் கவனியுங்கோ. காற்று நல்லா வந்து குளிர் மட்டும் இல்லையெண்டால் காஸ் கசிவாயோ கொம்பிரசராயோ இருக்கலாம். ஓடேக்க குளிர்ந்து, நிப்பாட்டினால் சுடுகாற்று வந்தால் முன்னுக்கு இருக்கிற ஃபானைப் பாருங்கோ. காற்றே குறைஞ்சு, நிண்டு எழும்பச் சரியானால் அது ஐஸ். அதுக்குத் தெர்மிஸ்டர் மட்டும் இல்லை, ஊத்தை பிடிச்ச ஃபில்டரும் குறைஞ்ச காஸும் காரணமாகலாம். ஏசியை நிப்பாட்டி ப்ளோவரை விட்டால் அந்த நேரத்துக்குத் தப்பலாம். இன்னொண்டு, ஏசி காஸ் டீசல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமான் இல்லை. குறைஞ்சால் எங்கயோ கசியுது, அதைக் கண்டுபிடிக்காமல் அடிச்சுப் பிரயோசனம் இல்லை. எங்களுக்குக் குறையவே இல்லை, மூண்டு தரம் சும்மா காற்றில விட்டம். ஒரு கிலோ 134ஏ, நூறு வருசக் கணக்கில 1,430 கிலோ காபனீரொட்சைட்டு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும் எண்டு ஐபிசிசியின்ர நாலாவது அறிக்கை சொல்லுது. வெக்கைக்குத் தப்பப் போய் நாங்கள் செய்த வேலை அது.

கராஜ்காரரில எனக்கு இப்ப கோவம் இல்லை. அவையள் பார்த்த நேரத்தில ஏசி உண்மையிலேயே நல்லாத்தான் வேலை செய்தது. என்னிலதான் கோவம். பக்கத்து சீற்றில இருந்து ஆறு மாதம் எல்லாத்தையும் பார்த்துக்கொண்டிருந்தனான். எனக்கு உதெல்லாம் தெரியாது எண்டு ஆரும் சொல்லுறதுக்கு முதல் நானே முடிவெடுத்து வச்சிருந்தனான். அப்பா வெள்ளைக்கோட்டைத் தாண்டாட்டில் நான் அந்தக் கொப்பியைத் தொடங்கியிருக்கமாட்டன். அதை நினைச்சால் இப்பவும் வயித்தைப் பிரட்டுது.

யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிடேக்க அப்பா திறப்பை என்னட்ட நீட்டினார். ஒண்டும் சொல்லேல்ல. நானும் கேட்கேல்ல. ஆனையிறவு தாண்ட அவர் நித்திரை. ஏசி டக், டக் எண்டு பிடிச்சு விட்டுக்கொண்டு வந்தது. சரியோ எண்டு பார்க்கிறதுக்காகக் கிளிநொச்சியில வீட்ட திரும்பாமல் நேர மாங்குளம் மட்டும் ஓடினன். காற்று குறையேல்ல. அங்க இருந்து திரும்பி முறிகண்டிக்குக் கிட்ட வர அப்பா கண் முழிச்சார்.

"நிப்பாட்டு பிள்ளை" எண்டார்.

நிப்பாட்டினன். ஏசி திருந்தினதுக்கு இல்லை. அண்டைக்கு அந்தப் பாலை மரத்தடியில இருந்து எழும்பி வந்த மனிசனுக்காக நானும் ஒரு தேங்காய் உடைச்சன்.