சுட்டிய இடத்தில் தோட்டம் இல்லை

அப்பாவும் நானும் படித்த தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் பட்டியலை இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஆரக்கிள் தரவுத்தளத்தில் அமைத்தேன். மாணவர் பதிவில் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. தோட்டப் பதிவைக் காட்டும் ‘ரெஃப்’ எனும் சுட்டியை மட்டும் வைத்தேன். ஜாவாவில் ‘கெட்ரெஃப்’ என்றால் சுட்டிதான் வரும். அந்தச் சுட்டியிடம் ‘கெட்ஆப்ஜெக்ட்’ என்று கேட்டால்தான் தோட்டம் பொருளாக வரும். (இது விளங்கவே இரண்டு வாரம்!)

பிறகு ஒரு துடுக்குத்தனம். வீடமைப்புக்கு விற்கப்பட்டுவிட்ட தோட்டங்கள் இனி எதற்கென்று நீக்கினேன். சுட்டிகள் இருந்தன, போய்ப் பார்த்தால் வெறுமை. அப்பாவின் பதிவிலும் அப்படியே. பதறி மீண்டும் சேர்த்தேன். தோட்டங்களுக்குப் புதிய அடையாள எண்கள் கிடைத்தன. பழைய சுட்டிகளுக்கு அவை அந்நியம்.

நகலும் எடுத்து வைக்கவில்லை. அப்பாவை அருகில் உட்காரவைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன்.

“இவன் மேட்டு லயம். நம்ம தோட்டந்தான்,” என்றார்.