மொஸ்கோவில் முப்பத்தைந்து நாள்

உயர்தர வகுப்பில் ஐரோப்பிய சரித்திரம் நடத்தும்போது, நெப்போலியன் ருஷ்யாவின் மீது படையெடுத்த பகுதி வந்ததும் மாணவர் நிமிர்ந்து உட்காருவது வழக்கம். உடன்படிக்கைகளும் சரத்துக்களும் அவர்களுக்கு உறக்கத்தைத் தருவன. தீயும் பனியும் அவ்வாறல்ல. சென்ற தவணையில் அப்பாடம் நடந்துகொண்டிருந்தபொழுது கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், சார் மன்னர் மறுமொழி எழுதமாட்டார் என்று முதற் கிழமையிலேயே தெரிந்திருக்குமே. பிறகு ஏன் ஐந்து கிழமை மொஸ்கோவிலேயே இருந்தவர்?” என்று கேட்டான். பாடநூல் கூறும் காரணங்களை வரிசையாக எடுத்துரைத்தோம். அவனும் எழுதிக்கொண்டான். ஆயின் அன்று மாலை வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி எம்மோடு கூடவே வந்தது. நாமும் ஒருகால் மொஸ்கோவில் அகப்பட்டிருந்தோம். ஐந்து வாரமன்று, ஒன்றரை ஆண்டு.

எமது மொஸ்கோ கொழும்புப் பங்குச் சந்தையாகும். 2008ஆம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 1,500 புள்ளிகளில் நின்ற அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், 2009இல் போர் முடிந்தபின் மளமளவென ஏறி, 2011 பெப்ரவரி நடுப்பகுதியில் 7,800 புள்ளிகளைத் தொட்டது. அந்நாளில் ஆசிரியர் ஓய்வறையிலுங்கூடத் தேநீரோடு பரிமாறப்பட்டது பங்கு விலையே. வாட்டர்லூப் போரின் முடிவை ஊரார் அறியுமுன் அறிந்து, இலண்டன் சந்தையில் ஒரே நாளிற் பெருநிதி குவித்தாராம் றொத்சைல்ட் என்னும் கதையை நண்பரொருவர் சுவைபடக் கூறினார். 1846இல் பரிஸில் அச்சான ஒரு வசைப் பிரசுரத்தாற் பரவிய கதை அது. சரித்திரம் கற்பிக்கும் நாம் அதனை அங்கேயே எடுத்துச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை, கேட்பதற்கு இனிமையாயிருந்தது.

தங்கையின் கலியாணத்துக்கென ஐயா விட்டுச்சென்ற மூன்று இலட்சம் ரூபா எம்மிடம் இருந்தது. அதனோடு பங்குத் தரகர் தாமாகவே முன்வந்து தந்த கடன் இரண்டு இலட்சத்தையும் சேர்த்து, 2011 சனவரியில் ஒரே கம்பெனியின் பங்குகளை, பங்கொன்று அறுபத்திரண்டு ரூபாவாக வாங்கினோம். அக்கம்பெனி என்ன செய்கிறது என்பதை ஒருவாறு அறிந்திருந்தோம். எவ்வளவு உழைக்கிறது என்பதை அறியோம். அடுத்த மாதம் அது எழுபத்தொன்றாயிற்று. கொப்பி ஒன்றில் நாளும் விலையைக் குறித்து, இலாபத்தைக் கூட்டிப் பார்த்து மகிழ்ந்தோம். இல்லாளிடம் அவள் சீட்டுப் பிடித்துச் சேர்த்திருந்த பணத்தையும் கேட்டோம். “அது அடுப்படிக் காசு. அதிலே கை வைக்கவேண்டாம்” என்றாள். அவளுடைய துணிவின்மையை எண்ணி உள்ளூரச் சிரித்துக்கொண்டோம்.

பின்னர் விலை இறங்கத் தொடங்கிற்று. ஐம்பத்தைந்து, நாற்பத்தெட்டு, நாற்பது. தரகர்கள் கொடுக்கும் கடனுக்குக் கட்டுப்பாடு வந்தது. கடன்காரர் யாவரும் ஒரே வேளையில் விற்க நேர்ந்தமையால் விலை மேலும் சரிந்தது. நாம் விற்கவில்லை. சிக்கனக் கடன் சங்கத்தில் வட்டிக்கு எடுத்துத் தரகரின் கடனைத் தீர்த்துவிட்டு, பங்குகளைப் பற்றிக்கொண்டிருந்தோம். அறுபத்திரண்டு வரட்டும், வந்த அன்றே விற்றுவிடுவோம் என்பது எமது விரதம். பொறுத்தார் பூமியாள்வார் என்னும் பழமொழி அந்நாளில் எமக்கு மந்திரம்போல் ஆயிற்று.

இனி நெப்போலியனிடம் செல்வோம். 1812 யூன் 24ஆந் திகதி அவனுடைய பெருஞ்சேனை நியெமென் ஆற்றைக் கடந்தது. மினார் என்னும் பிரெஞ்சு எந்திரவியலாளர், தமது எண்பத்தெட்டாம் வயதில், 1869இல், அச்சேனை போய் மீண்ட கதையை ஒரே படத்தில் வரைந்தார். ஆற்றைக் கடக்கும் இடத்தில் 422,000 பேரைக் குறிக்கும் அகன்ற பட்டை, மொஸ்கோவை அடையும்போது 100,000 ஆகக் குறுகுகிறது. திரும்பி வந்து அதே ஆற்றைக் கடக்கும் இடத்தில் 10,000 பேரைக் காட்டும் மெல்லிய கோடாகிவிடுகிறது. வகுப்பிலே அப்படத்தைச் சுவரில் மாட்டும்போது சத்தம் அடங்கிவிடும். பனிதான் அவனைத் தோற்கடித்தது என்று மாணவர் எழுதுவர். படத்தைச் சற்று நிதானமாக நோக்கினால் அவ்வாறு எழுத மனம் வராது. பக்கங்களிற் காவலுக்கெனப் பிரித்து நிறுத்திய படைகளை நீக்கிப் பார்த்தாலும், சேனையின் பெரும்பகுதி போகும் வழியிலேயே, கோடைகாலத்திலேயே கரைந்துவிட்டது. வெயிலும் பசியும் வயிற்றுளைவும் தைபசுக் காய்ச்சலும் கொன்றவை அவை. குதிரைகளோ முதற் சில வாரங்களிலேயே ஆயிரமாயிரமாக விழுந்தன. தீன் வண்டிகள் பின்தங்கிவிட்டமையால் பச்சைத் தானியப் பயிரைத் தின்று இறந்தன. விரைவாக ஒரு போர், உடனே சமாதானம் என்ற கணக்கில் அளந்தெடுத்த உணவோடு புறப்பட்ட சேனை அது. கணக்கு மூன்று வாரத்துக்கு; வழியோ முடியவில்லை.

செப்டெம்பர் 7ஆந் திகதி போரொதினோவில் பெரும்போர் நடந்தது. ஒரே நாளில் இருதிறத்தாரிலும் இறந்தோரும் காயமுற்றோரும் ஏறத்தாழ 70,000 பேர். ஆறு நாள் கழித்து, மொஸ்கோவுக்கு அருகே பிலி என்னும் கிராமத்தில், ஒரு குடியானவனின் குடிலில், ருஷ்யத் தளபதி குட்டுசோவ் தம் சேனாபதிகளைக் கூட்டினார். அறுபது கடந்தவர், தலையிற் பட்ட பழைய காயங்களால் ஒரு கண் பழுதானவர். புனித நகரைப் போரிடாது விடுவதா என்று பெனிக்சன் முதலியோர் வாதாடினர். கிழவர் யாவற்றையும் கேட்டபின், நகரை விட்டுவிட்டுப் படையைக் காப்பதென முடிவுசெய்தார். நகரம் போனால் நாடு போகாது, படை போனால் இரண்டும் போம் என்பது அவர் கணக்கு. அன்றிரவு அவர் அழுதார் என்று கூறுவர். முன்னர் இதே பின்வாங்கும் வழியைக் கைக்கொண்ட பார்க்லே என்பவரைக் கோழை என்றும் துரோகி என்றும் ஏசிய நாடு அது; எனவே அம்முடிவு எளிதன்று.

மறுநாள் பிரெஞ்சுப் படை மொஸ்கோவினுட் புகுந்தது. அன்றிரவே தீ மூண்டது. நாலைந்து நாள் எரிந்து நகரின் மூன்றில் இரண்டு பங்கு சாம்பலாயிற்று. நெப்போலியன் கிரெம்லின் மாளிகையில் இருந்துகொண்டு சார் மன்னர் அலெக்சாந்தருக்கு ஓலை அனுப்பினான். மறுமொழி இல்லை. ஒக்டோபர் தொடக்கத்தில் லோறிஸ்தோன் என்னும் தளபதியைக் குட்டுசோவிடமே தூதனுப்பினான். கிழவர் மரியாதையாக வரவேற்று, மன்னருக்கு அறிவிப்பதாகக் கூறி அனுப்பிவைத்தார். அவருக்கு வேண்டியது நாட்கள், அவை கிடைத்துக்கொண்டிருந்தன. அவ்வாண்டு இலையுதிர்காலம் வழக்கத்துக்கு மாறாக இதமாக இருந்தது. ருஷ்யாவில் தூதராயிருந்து குளிரை அறிந்த கோலன்கூர், குதிரைகளுக்குப் பனிலாடம் அடிக்கவேண்டும் என்று எச்சரித்தது சக்கரவர்த்தியின் செவியில் ஏறவில்லை. வெயிலைக் காட்டி நகைத்தான். பரிஸ் நகரத்து நாடகசாலை ஒன்றின் நிருவாக விதிகளை ஒழுங்குசெய்யும் ஆணை ஒன்று உண்டு. அதிலுள்ள திகதி 1812 ஒக்டோபர் 15, இடம் மொஸ்கோ. எரிந்த நகரில் அமர்ந்து, நடிகரின் சம்பளப் பங்கு பற்றி யோசிப்பதா என்று முன்னெல்லாம் வியப்போம். விலை இருபத்தேழாக இறங்கிய நாளில், கொப்பிக்குப் புது உறை போட்டு, சிவப்பு மையால் கோடிழுத்துக்கொண்டிருந்த எமது கையை நினைத்தபின் அவ்வாறு வியப்பதில்லை.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த நாட்களில் நெப்போலியன் மட்டும் காத்திருக்கவில்லை, குட்டுசோவும் காத்திருந்தார். மொஸ்கோவுக்குத் தென்மேற்கே தருத்தினோ என்னும் இடத்தில் பாளையமிறங்கி, ஒன்றுஞ் செய்யாதவர்போல் இருந்தார். பொறுமையில் இருவரும் நிகரே. ஆயின் தருத்தினோவில் ஒவ்வொரு நாளும் புதிய வீரரும் குதிரைகளும் வந்து சேர்ந்தனர். கலூகாவிலிருந்து தானியம் வந்தது; தூலாவின் தொழிற்சாலைகளிலிருந்து துவக்குகள் வந்தன. மொஸ்கோவில் ஒவ்வொரு நாளும் குதிரைகள் மெலிந்தன. தீன் தேடிச் சென்றோர் கொசாக்கியரிடம் அகப்பட்டனர். ஒரே காலம் ஒருவனுக்கு ஊட்டிற்று, மற்றவனை உண்டது. பங்கு வாங்குவோருக்குப் போர்க்களத்திலிருந்து பாடம் எடுத்துத் தருவோர் வீரத்தையும் வேகத்தையும் உறுதியையும் பேசுவர். எமக்கோ, தருத்தினோவையும் மொஸ்கோவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, காத்திருப்பவன் எதைத் தின்றுகொண்டு காத்திருக்கிறான் என்பதே முதற் கேள்வியாகத் தோன்றுகிறது. சொந்தப் பணத்தில், நல்ல உழைப்புள்ள கம்பெனியில், அவசரமில்லாதவன் காத்திருப்பது தருத்தினோ. வட்டிப் பணத்தில், அறியாத கம்பெனியில், ஆவணி மாதத்துக்கு முகூர்த்தம் வைத்துவிட்டுக் காத்திருப்பது என்னவென்று கூறவேண்டியதில்லை.

வள்ளுவர் அரசனின் படைவலியை ஆராயும் வலியறிதல் அதிகாரத்தின் இறுதி நான்கு குறள்களையும் வரவுக்கும் செலவுக்கும் கொடுத்திருக்கிறார். பல ஆண்டுகள் அதனைப் படித்தும், போர்ப் பேச்சின் நடுவே இக்குடும்பக் கணக்கு ஏன் வந்தது என்று நாம் ஒருமுறையேனும் கேட்டதில்லை.

எம்மை மொஸ்கோவிலிருந்து கிளப்பியவர் எம் மாமனார். வலிகாமத்தில் வாழ்நாளெல்லாம் புகையிலை செய்தவர். பங்குச் சந்தை இருக்கும் திசையும் அவருக்குத் தெரியாது. 2012 யூலையில் ஒருநாள் திண்ணையில் இருந்து கதை முழுவதையும் கேட்டார். சுட்டெண் அப்போது 5,000 புள்ளிகளுக்குங் கீழே கிடந்தது; எமது பங்கு பத்தொன்பது ரூபா. “விலை ஏறும் ஏறும் என்று சிப்பத்தைப் பூட்டிவைத்துப் பூஞ்சணம் பிடிக்கவிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன், தம்பி” என்றார். வெற்றிலையை மடித்து வாயில் வைத்தபின், “அறுபத்திரண்டை விடும். பங்கு இல்லை, அந்தப் பத்தொன்பது ரூபா காசாக உம்முடைய கையிலே இருக்கிறது. இன்றைக்கு இதையே வாங்குவீரோ?” என்று கேட்டார்.

வாங்கமாட்டோம். அதனைச் சொல்ல வெட்கப்பட்டு வேறெதையோ சொன்னோம். மறுநாட் காலை விற்றோம். கையில் வந்தது ஒன்றரை இலட்சம். அதிலும் பெரும்பகுதி கடன் சங்கத்துக்கே போயிற்று.

நெப்போலியன் ஒக்டோபர் 19ஆந் திகதி மொஸ்கோவை விட்டுக் கிளம்பினான். வண்டிகளில் உணவைக் காட்டிலும் கொள்ளைப் பொருளே கூடுதல். தெற்கு வழி மலோயாரொஸ்லாவெட்ஸில் அடைபட்டமையால், வரும்போது தின்று தீர்த்த அதே வழியால் திரும்ப நேர்ந்தது. அதன்பின் நிகழ்ந்ததை யாவரும் அறிவர். அப்பெருந்துயரில் எமக்கு மிகப் பிடித்த மனிதர் ஏப்ளே என்னும் பாலங்கட்டும் தளபதி. ஒர்ஷாவில் பாலவண்டிகளை எரித்துவிடுமாறு ஆணை பிறந்தபோது, அவர் இரண்டு உலைகளையும் கரியையும் ஆறு வண்டிக் கருவிகளையும் எரிக்கவிடாது காத்துக்கொண்டார். சில நாளில் பெரெசினா ஆறு குறுக்கிட்டது. இருந்த பாலத்தை எதிரி எரித்துவிட்டான். பனிக்கட்டி மிதக்கும் நீரில் மார்பளவு நின்று ஏப்ளேயின் ஆட்கள் இரண்டு பாலங்களைக் கட்டினர். எஞ்சிய சேனை கரையேறியது அவற்றாலே. நீரில் நின்றோரிற் பெரும்பாலார் பிழைக்கவில்லை. ஏப்ளேயும் அவ்வாண்டின் கடைசி நாளிற் காலமானார்.

பங்குகளை விற்ற அன்றிரவு இல்லாள் ஒன்றும் பேசாது அலுமாரியைத் திறந்து, சீட்டுப் பணத்தை எமது மேசைமேல் வைத்தாள். இரண்டரை இலட்சம். ஆவணியிற் குறித்த நாளிலேயே தங்கையின் கலியாணம் நடந்தது. அப்பணம் எங்கிருந்து வந்ததென்று தங்கைக்கு இன்றுவரை தெரியாது. இக்கட்டுரையைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

சுட்டெண் 2011இன் உச்சியைத் திரும்பவும் தாண்டியது 2021 சனவரியில். பொறுத்திருந்தாற் பூமியை ஆண்டிருக்கலாமே என்று ஒரு நண்பர் அப்போது எம்மைச் சீண்டினார். சுட்டெண் மீண்டதனால் அதிலுள்ள ஒவ்வொரு பங்கும் மீண்டதென்று ஆகாது. எமது பங்கு அறுபத்திரண்டை அப்போதும் காணவில்லை. கண்டிருந்தாலுந்தான் என்ன? அந்தப் பத்து ஆண்டில் தங்கையின் மூத்த மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த பாடவேளையில் அம்மாணவனை எழுப்பி, முன்னர் கூறிய காரணங்களோடு இன்னொன்றையும் எழுதிக்கொள்ளச் சொன்னோம்: மொஸ்கோவை விட்டு வெளியேறினால்தான் தோல்வி என்று நெப்போலியன் நினைத்துக்கொண்டிருந்தான்.

“இது சோதினைக்கு வருமோ, சேர்?” என்று கேட்டான்.

வராது என்றோம். பேனையை மூடிவைத்தான்.