எந்தச் சைக்கிளிலும் பெடல் ஒரே இடத்தில்தான்



1991இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் பார் வைத்த சைக்கிளிலேயே பழகினார்கள். உங்களில் சிலருடைய அம்மாக்களும் அதில் இருப்பார்கள். வாடகை சைக்கிளில் பழகியவர் மறுநாள் அண்ணன் சைக்கிளை எடுத்து ஓட்டினார். எந்தக் கம்பெனி வண்டியானாலும் பெடலும் பிரேக்கும் அதனதன் இடத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது.

இன்று பிள்ளைகள் படிக்கும் செயலிகளில் அந்த ஒழுங்கு இல்லை. 2018 முதல் நம் பாடநூல்களில் கியூஆர் குறியீடு வந்தது. திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடம் வரும். கொரோனாவுக்குப் பிறகு இன்னும் எத்தனையோ செயலிகள். நல்ல முயற்சிகள்தான். ஆனால் ஒன்றில் 'சமர்ப்பி', இன்னொன்றில் 'அனுப்பு', மற்றொன்றில் 'சப்மிட்'. மூன்றும் ஒரே வேலைதான் என்று பிள்ளைக்கு யார் சொல்வது?

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை. அவள் பழகிய செயலியில் கீழே வலப்பக்கம் இருக்கும் பச்சைப் பொத்தான் அடுத்த கேள்விக்குப் போகும். புதிதாக ஒன்றில் தேர்வு எழுதினாள். அதில் அதே இடத்தில், அதே பச்சையில் இருந்தது தேர்வை முடிக்கும் பொத்தான். முதல் கேள்வியோடு தேர்வு முடிந்துவிட்டது. "எனக்குக் கணக்கு வராது தாத்தா" என்றாள். கணக்கு அவளுக்கு நன்றாகவே வரும். பொத்தான் மாறியதற்குப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் இந்த இடி முதலில் விழுகிறது.

இது புதிய சிக்கல் அல்ல. ஒரு காலத்தில் தமிழ் தட்டச்சு மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விசைப்பலகை அமைப்பு இருந்தது. 1999இல் தமிழ்நாடு அரசு 'தமிழ்99' என்று ஒரே அமைப்பை ஏற்றது. யாகோப் நீல்சன் என்ற வல்லுநர் 1994இல் வகுத்த 10 விதிகளில் நான்காவது, ஒரே செயலுக்கு ஒரே சொல், ஒரே குறி என்பதுதான்.

உங்களில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் எழுதுகிறீர்கள். உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒரு செயலுக்கு ஒரு தமிழ்ச் சொல்லை முடிவு செய்து எல்லாப் பக்கத்திலும் அதையே வையுங்கள். 'அடுத்து' இருக்கும் இடத்தில் 'முடி' வேண்டாம். முடிக்கும் முன் "இன்னும் இத்தனை கேள்விகள் மீதி" என்று ஒரு வரி காட்டுங்கள். வெளியிடும் முன் ஒரு கிராமத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள்.

அந்தத் துறையில் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன். நலமாக இருங்கள்.