ஹலால் சரி, தய்யிபா?

 

எமது மக்தப் மதரஸாவின் மேசை மீது நீண்ட காலமாக ஒரு கண்ணாடிப் புட்டி இருந்து வந்தது. ஒரு சூராவைப் பிழையின்றி மனனமாக ஒப்புவிக்கும் பிள்ளைக்கு அதிலிருந்து ஒரு மிட்டாய் கொடுப்போம். பதினைந்து ஆண்டுகளாக இதுவே எமது வழக்கம். பிள்ளைகள் ஓதுவதை விரும்ப வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அதனைத் தொடங்கினோம்.

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஒரு மாலை, பத்து வயது மாணவன் ஒருவன் சூரத்துல் ஃபஜ்ரை அழகுற ஓதி முடித்தான். புட்டியைத் திறந்து நீட்டினோம். அவன் எடுக்கவில்லை.

“உம்மா வாங்க வேண்டாம்னு சொன்னாங்க, ஹஜ்ரத்.”

“ஏன் வாப்பா? பச்சைப் புள்ளி போட்டிருக்கு பார். ஹலால்தான்.”

“ஹலால் சரி ஹஜ்ரத். தய்யிபான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

எமக்கு மறுமொழி வரவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் சூரத்துல் பகராவின் 168ஆம் வசனத்தை அவ்வகுப்பில் விளக்கியிருந்தோம். பூமியில் உள்ளவற்றில் ஆகுமானதையும் தூய்மையானதையும் உண்ணுமாறு அல்லாஹ் மனிதகுலம் முழுவதையும் அங்கே அழைக்கிறான். ஹலால் என்பது ஒரு நிபந்தனை, தய்யிப் என்பது மற்றொன்று எனப் பாடம் நடத்தியவர் நாம். அப்பாடத்தைச் சமையலறை வரை கொண்டு சென்றவர் அந்தத் தாய்.

அச்சிறுவனின் வாப்பாவுக்கு நாற்பது வயதுக்கு முன்பே சர்க்கரை நோய் கண்டிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். அவனுடைய நன்னா அதே நோயால் ஒரு காலை இழந்தவர். அந்த வீட்டுப் பிள்ளையின் கையில்தான் நாம் ஒவ்வொரு வாரமும் மிட்டாயை வைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு மிட்டாய்ப் பொட்டலத்தைத் திருப்பி, கண்ணாடி அணிந்து, பொடி எழுத்துகளை முதன்முறையாக வாசித்தோம். சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், ஐஎன்எஸ் 330, 102, 110 என வரிசை நீண்டது. ஓர் எழுத்தின் மக்ரஜ் பிசகினால் பிள்ளையை நிறுத்தித் திருத்தும் எமக்கு, அப்பிள்ளையின் வயிற்றுக்குள் செல்வதன் பெயரை வாசிக்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அறிந்தோரிடம் கேட்டும் வாசித்தும் கற்றுக்கொண்ட சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலாவது, பொட்டலத்தில் உள்ள பொருட்பட்டியல் எடையின் இறங்கு வரிசையில் அச்சிடப்படுகிறது. முதலில் நிற்பதே மிகுதியாக இருப்பது. சர்க்கரையோ பல பெயர்களில் வரும். லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ் ஆகிய அனைத்தும் அதன் உறவினர்களே. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளும் உடலுக்குள் விரைவில் குளுக்கோஸாக மாறிவிடும். நான்கைந்து பெயர்களாகப் பிரிந்து நிற்கும்போது ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடுகிறது. கூட்டினால்தான் உண்மை தெரியும்.

இரண்டாவது, பலரும் அஞ்சும் ‘ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப்’ பற்றியது. மக்காச்சோள மாவுச்சத்தை நொதிகளால் குளுக்கோஸாக உடைத்து, அதில் ஒரு பகுதியை ஃப்ரக்டோஸாக மாற்றிச் செய்யும் பாகு இது. 42 விழுக்காடு, 55 விழுக்காடு ஃப்ரக்டோஸ் கொண்ட வகைகளே பெரும்பாலும் பயன்படுகின்றன. மக்காச்சோளம் மலிவாகக் கிடைத்த அமெரிக்காவில், 1980களில் குளிர்பானத் தொழில் கரும்புச் சர்க்கரையை விட்டு இதற்கு மாறியது. கரும்பு மிகுதியாக விளையும் நம் நாட்டில் இது அவ்வளவு பரவலாக இல்லை. பிஸ்கட்டிலும் மிட்டாயிலும் இன்வர்ட் சிரப்பையும் லிக்விட் குளுக்கோஸையுமே மிகுதியாகக் காண்கிறோம்.

ஆனால் அந்தப் பெயர் இல்லை என்பதனால் நிம்மதி அடைய இயலாது. நாம் தேநீரில் இடும் வெள்ளைச் சர்க்கரையும் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ்தான். ஃப்ரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரலே கையாள்கிறது. அளவு மிஞ்சினால் அது கொழுப்பாக அங்கேயே தங்குகிறது. ஆகவே பெயரைக் காட்டிலும் அளவே முதன்மையானது. உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருப்பது இன்னும் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. பெரியவர் ஒருவருக்கு அந்த 5 விழுக்காடு ஏறத்தாழ 25 கிராம். 100 மில்லியில் 10 கிராம் சர்க்கரை உள்ள குளிர்பானம் 300 மில்லி குடித்தால் 30 கிராம் ஆகிவிடுகிறது. ஏழு தேக்கரண்டிக்கும் மேல்! ஒரு புட்டியிலேயே அன்றைய கணக்கு முடிந்துவிட்டது.

மூன்றாவது, எண்கள். 102, 110 ஆகியவை செயற்கை மஞ்சள், ஆரஞ்சு நிறங்கள். இவை குழந்தைகளின் கவனத்தையும் செயல்பாட்டையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் பொட்டலத்தில் அச்சிடச் செய்துள்ளது. 120 என்பது ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். அது குறித்து உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். 471 தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். நம் நாட்டுப் பொட்டலத்தில் பச்சைக் குறி இருந்தால் அது விலங்கிலிருந்து வந்ததன்று. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் மிட்டாயில் அக்குறி இராது, அங்கே விசாரிப்பது நம் கடமை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லா எண்களும் பன்றிக் கொழுப்பு என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. 300 என்பது வைட்டமின் சி. 330 எலுமிச்சையில் உள்ள அதே புளிப்பு. விசாரிக்காமல் ஒரு செய்தியைப் பரப்புவதும், அல்லாஹ் ஆகுமாக்கியதை நாமாகவே தடுப்பதும் பேணுதல் ஆகாது.

கலப்படத்தின் வேகத்தையும் கண்டோம். பஞ்சு மிட்டாயில் துணிக்குச் சாயமேற்றும் ரோடமின்-பி கலந்திருப்பது தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதனைத் தடை செய்தது. சூரத்துந் நஹ்லில் நிவாரணம் உண்டு என அல்லாஹ் சிறப்பித்த தேனையும் விட்டுவைக்கவில்லை. 2020 டிசம்பரில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேன்களைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாக அறிவித்தது. நிறுவனங்கள் அதனை மறுத்தன. கரும்பு, சோளப் பாகுகளைக் கண்டறியும் சோதனையில் அரிசிப் பாகு அகப்படாது என்பதே இதிலுள்ள சூட்சுமம். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் செயல் நினைவுக்கு வருகிறது. மேலே காய்ந்ததைக் காட்டி உள்ளே ஈரத்தை மறைப்பது அன்றும் இருந்தது. கைவிட்டுப் பார்ப்பது நமக்கும் சுன்னத்தான பாடமே.

எமது மதரஸாவில் என்ன மாறியது? புட்டியில் இப்போது வறுத்த வேர்க்கடலையும் பேரீச்சம்பழமும் இருக்கின்றன. பேரீச்சம்பழத்திலும் இனிப்பு உண்டு என்பதனால் ஒன்றுக்கு மேல் கொடுப்பதில்லை. ரமளான் இஃப்தாரில் சிவப்புச் சர்பத்தை நிறுத்தலாம் என ஜமாஅத்தில் சொன்னபோது, “கஞ்சிக்கப்புறம் பிள்ளைங்களுக்குச் சிவப்பா ஏதாவது வேணுமே ஹஜ்ரத்!” என்றார் ஒரு பெரியவர். அவரது அன்பை மறுக்க மனமில்லை. பாதி நாட்கள் சர்பத், பாதி நாட்கள் தர்பூசணித் துண்டு என முடிவாயிற்று. தர்பூசணியும் சிவப்புதானே! பிள்ளைகள் சிலர் இன்றும் வாசலில் உள்ள கடைக்கு ஓடுகிறார்கள். எமது தேநீரிலும் மூன்று கரண்டி ஒன்றாகக் குறைய எட்டு மாதங்கள் ஆயின.

அந்த மாணவன் இப்போது அம்ம ஜுஸ்வை முடித்துவிட்டான். அன்று அவனுடைய உம்மா வீட்டில் பொரித்த கொழுக்கட்டையைப் பாத்திரம் நிறையக் கொடுத்தனுப்பினார்கள். பட்டியலும் இல்லை, எண்ணும் இல்லை. யார் செய்தது என்பது மட்டும் தெரியும். பிஸ்மில்லாஹ் சொல்லி உண்டோம்.

அடுத்த முறை கடையில் ஒரு பொட்டலத்தை எடுக்கும்போது, பிள்ளையின் கையில் கொடுத்து அதன் பின்பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். நம்மை விட அவர்களின் கண்கள் கூர்மையானவை.

வல்ல அல்லாஹ் நம் உணவை ஹலாலாகவும் தய்யிபாகவும் ஆக்கி, நம் பிள்ளைகளின் உடலையும் ஈமானையும் பாதுகாப்பானாக! ஆமீன்.