மொய் நோட்டில் ஏறாத அன்பளிப்பு… குழந்தைகளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் கொடுக்கப் போறீங்களா?

மதுரையில் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் மூன்று விஷயங்களைப் பார்க்கலாம். வாசலில் ஃப்ளெக்ஸ், பந்தியில் நெரிசல், மண்டப முகப்பில் மொய் எழுதும் மேஜை. இப்போது நான்காவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மேடைக்குப் பக்கத்தில் கலர் கலராக அடுக்கியிருக்கும் டப்பாக்கள். குழந்தைகளுக்கான ரிட்டர்ன் கிஃப்ட்!

பிறந்தநாள் பார்ட்டியோடு நின்றிருந்த பழக்கம்தான் இது. அங்கிருந்து காதணி விழா, பெயர் சூட்டு விழா என்று நகர்ந்து, கிறிஸ்தவ வீடுகளின் திருமுழுக்கு விழாவுக்கும் வந்துவிட்டது. காலையில் கோயிலில் ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் பக்கத்தில் நிற்க, குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் சொல்லுவார்கள். வெள்ளை உடை, மெழுகுவத்தி, சொந்தக்காரர்களின் முத்தம்… மதியம் மண்டபத்தில் பிரியாணி. சாப்பிட்டுக் கிளம்பும்போது வாண்டுகளின் கையில் ஆளுக்கொரு பரிசு.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தச் சின்ன டப்பாவுக்குள் பெரிய சங்கடங்களும் ஒளிந்திருக்கின்றன.

எல்லாமே செய்முறைதான்!

மதுரைப் பக்கத்தில் 'செய்முறை' என்றால் வெறும் அன்பளிப்பு இல்லை. இன்று நீங்கள் எனக்குச் செய்தால், நாளை உங்கள் வீட்டு விசேஷத்தில் நான் திருப்பிச் செய்ய வேண்டும். அதற்குச் சாட்சிதான் மொய் நோட்டு. பல மண்டபங்களில் இப்போது லேப்டாப்பில் பதிந்து கையோடு ரசீதும் கொடுத்துவிடுகிறார்கள். சில ஊர்களில், யார் எவ்வளவு எழுதினார்கள் என்று மைக்கிலேயே வாசிப்பார்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

இதைக் குறை சொல்லவும் முடியாது. அவசரத்துக்கு வங்கி தராத பணத்தைச் சொந்தபந்தம் திரட்டித் தருகிற ஏற்பாடு இது. ஆனால், கணக்கில் ஏறுகிற எதற்கும் இன்னொரு பக்கம் உண்டு. எழுதக் கையில் காசில்லாதவர்கள் விசேஷத்துக்கு வரவே தயங்குகிறார்கள். வந்தாலும் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இத்தனை கொடுக்கல் வாங்கலுக்கு நடுவில், எந்த நோட்டிலும் ஏறாத ஒன்று குழந்தைகளுக்குக் கொடுக்கும் பரிசுதான். அதையும் கணக்குக்குள் இழுத்துவிட்டால் என்ன ஆகும்?

"அந்த டப்பாக்குள்ள என்ன இருந்துச்சு?"

ஆரப்பாளையத்தில் ஒரு வீடு. தலைப்பிள்ளையின் திருமுழுக்கு. குழந்தையின் அம்மா ஒரு மாதமாக யோசித்து, எழுகடல் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, கிரயான், வரைபட நோட்டு, பென்சில், சாக்லேட் வைத்து அறுபது டப்பாக்கள் தயார் செய்திருந்தார். மேடையில் வைத்தே கொடுத்தால் போட்டோவில் அழகாக விழும் என்று யாரோ சொல்ல, அதுவும் முடிவானது. கவர் கொடுத்துவிட்டு, குழந்தையை வாழ்த்தி, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கும்போது பிள்ளைகளுக்கு டப்பா. எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாலையில் பார்த்தால் பதினான்கு டப்பாக்கள் மிச்சம்.

கணவர் வழியில் அக்கா முறை ஒருவர் செக்கானூரணியில் இருக்கிறார். போன வருடம்தான் கணவரை இழந்தவர். தையல் மிஷினை வைத்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். முதல் பந்தியில் அவரைப் பார்த்ததாக அப்பத்தா சொன்னார். ஆனால், எந்தப் போட்டோவிலும் அவர் இல்லை. 'மதினி ஏன் பிள்ளையைப் பார்க்காமலே போயிட்டாங்க?' என்று மறுநாள் குழந்தையின் அம்மா போன் போட, எடுத்தது ஏழு வயதுப் பையன்.

"அத்தை, அந்த டப்பாக்குள்ள என்ன இருந்துச்சு?"

அதற்குள் அவன் அம்மா போனை வாங்கிவிட்டார். "அட விடும்மா… கூட்டமா இருந்துச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டோம்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை. மேடை ஏற வேண்டும் என்றால் கையில் கவர் வேண்டும். டப்பா இருந்ததோ மேடையில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் செக்கானூரணிக்குப் போனார்கள். டப்பாவை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் அது இன்னொரு சங்கடம் என்று, குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். மடியில் வாங்கிக் கொஞ்சிய மதினி, உள்ளே போய் ஐம்பது ரூபாயை எடுத்து வந்து குழந்தையின் கையில் திணித்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அதை நோட்டில் எழுதவும் இல்லை.

என்னென்ன கவனிக்கலாம்?

இந்த வீட்டுக்காரர்கள் அடுத்த விசேஷத்துக்கு என்று சில விஷயங்களைப் பேசி வைத்திருக்கிறார்கள். நமக்கும் உதவும்.

இடம் முக்கியம். மொய் மேஜைக்கும் மேடைக்கும் பக்கத்தில் பரிசை வைக்காதீர்கள். சாப்பிட்டுவிட்டு வெளியே போகும் வாசலில் வைத்தால், யாரும் விடுபட மாட்டார்கள். கொடுப்பதற்கு வீட்டில் இருக்கும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை நிறுத்துங்கள். பிள்ளை கையால் பிள்ளை வாங்குவது தனி சந்தோஷம்.

எண்ணிக்கையைக் கூட்டி வையுங்கள். பத்திரிகை கொடுத்த வீட்டுப் பிள்ளைகளை மட்டும் எண்ணினால் போதாது. சமையல்காரரோடு வந்த சிறுமி, வேன் டிரைவரின் மகன், மண்டபம் கூட்டும் அக்காவின் பிள்ளை… எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். பட்ஜெட் இடித்தால் பொருளின் விலையைக் குறையுங்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள்.

எல்லோருக்கும் ஒன்றே. வயதுக்கு ஏற்ப மாற்றலாம். வசதிக்கு ஏற்பவோ, எழுதிய மொய்க்கு ஏற்பவோ மாற்றக் கூடாது. நெருங்கிய சொந்தத்துக்கு ஸ்பெஷலாக ஏதாவது தர ஆசைப்பட்டால், வீட்டுக்கு அழைத்துத் தனியாகக் கொடுங்கள்.

மூன்று வயதுக்குள் என்றால் உஷார். கழன்று வரும் சின்னப் பாகங்கள், பலூன், முழு முந்திரி, பாதாம், வேர்க்கடலை, கடினமான மிட்டாய் எல்லாம் தொண்டையில் அடைக்கக்கூடியவை. கொட்டைகளை ஐந்து வயது வரையிலுமே முழுசாகக் கொடுக்காமல் இருப்பது நல்லது. மினுக்கும் லைட் பொம்மைகளில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தாமதிக்காமல் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். மொத்தமாக வாங்கும்போது அந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள்.

பையிலும் கவனம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சின்ன மஞ்சப்பை, பனையோலைக் கொட்டான் என்று கொடுத்தால் உள்ளே இருப்பது தீர்ந்த பிறகும் வீட்டில் இருக்கும்.

வாங்குபவர்களுக்கும் மரியாதை உண்டு. 'வீட்டுல இன்னொரு பாப்பா இருக்கு' என்று கூடுதலாகக் கேட்பது, மண்டபத்திலேயே பிரித்துப் பார்த்து 'போன விசேஷத்துல வாட்டர் பாட்டில் குடுத்தாங்க' என்று ஒப்பிடுவது… இரண்டையும் பெரியவர்கள் தவிர்த்தால், பிள்ளைகள் தானாகத் தவிர்ப்பார்கள். தீர்ந்துவிட்டால் 'பரவால்ல' என்று சொல்லவும், கிடைத்தால் நன்றி சொல்லவும் பழக்கிக் கூட்டிப்போங்கள்.

உலகமெங்கும் உண்டு

இத்தாலியில் திருமுழுக்கு விழாவுக்கு வந்தவர்களுக்கு, சர்க்கரைப் பூச்சு பூசிய ஐந்து பாதாம்களைச் சின்னப் பையில் கட்டிக் கொடுப்பார்கள். ஆரோக்கியம், செல்வம், மகிழ்ச்சி, பிள்ளைப்பேறு, நீண்ட ஆயுள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்த்து. மெக்ஸிகோவில் திருமுழுக்கு முடிந்து வெளியே வரும்போது, ஞானத்தகப்பன் கை நிறையக் காசுகளை எடுத்து வீச, தெருப்பிள்ளைகள் வரை ஓடிவந்து பொறுக்கிக்கொள்வார்கள். அழைப்பு வந்த பிள்ளையா, வராத பிள்ளையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நம் ஊரிலும் பெரியவர்களுக்குள் செய்முறை நடக்கட்டும், நோட்டு நிறையட்டும். குழந்தைகளுக்குக் கொடுப்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரு பிள்ளை விசேஷ வீட்டிலிருந்து கிளம்பும்போது கையில் என்ன கொண்டுபோகிறது என்பதைச் சில நாள்களில் மறந்துவிடும். தனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்பதை அவ்வளவு சீக்கிரம் மறக்காது.