விடுமுறை என்று ஒரு செய்தி

பிள்ளைகளே, நான் 31 வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளோடு பேசிவிட்டு வருகிறேன். போன கார்த்திகை மழையில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். அதில் என் தப்பும் இருக்கிறது.

ராத்திரி ஒன்பது மணி இருக்கும். சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. நாளை மாவட்டம் முழுக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை, கலெக்டர் அறிவிப்பு என்று ஒரு படம் என் போனுக்கு வந்தது. மழையையும் பார்த்தேன், படத்தையும் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. எங்கள் தெருக்கோடியில் ஒரு அம்மா இருக்கிறார், கூலி வேலைக்குப் போகிறவர். மகள் எட்டாம் வகுப்பு. விடிகாலையில் எழுந்து சோறு வடித்துச் சிரமப்பட வேண்டாமே என்று அந்தப் படத்தை அவருக்கு அனுப்பினேன். இன்னொரு வீட்டுக்கும் அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் வெயில் அடித்தது. பள்ளிக்கூடமும் நடந்தது. பாதிப் பிள்ளைகள் வரவில்லை.

என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். எட்டாம் வகுப்பில் எழுதி அதில் தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். நான்கு வருஷத்துக்கு 48,000. அந்தப் பெண் விண்ணப்பத்தைப் பள்ளியில் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். சாயங்காலம் மூன்று மணிக்குத்தான் தலைமையாசிரியருக்கு அவள் பெயர் பட்டியலில் இல்லாதது கண்ணில் பட்டது. ஆளை அனுப்பி, அந்த அம்மாவை வேலை செய்த இடத்திலிருந்து கூட்டி வந்து, கையெழுத்து வாங்கிச் சேர்த்தார். ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் முடிந்திருக்கும்.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாவுக்குக் கோபமே இல்லை. “சாரே அனுப்பியிருக்கீங்க, அப்புறம் என்ன யோசிக்கிறதுன்னு புள்ளைய தூங்க விட்டுட்டேன் சார்” என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவர் நம்பியது படத்தை அல்ல, என்னை. 31 வருஷம் கரும்பலகை முன்னால் நின்று நான் சம்பாதித்த நம்பிக்கையை ஒரு பொய்ப் படத்தின் மேல் ஒட்டி அனுப்பிவிட்டேன். நீங்களும் அப்படித்தான். உங்கள் சிநேகிதி ஒரு செய்தியை நம்புவது அதை நீங்கள் அனுப்பியதால்தான்.

அந்தப் படத்தைச் செய்தவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். போன வருஷத்து அறிவிப்பை எடுத்து, அண்ணன் போனில் தேதியை மட்டும் மாற்றி, வகுப்பு குரூப்பில் விளையாட்டாகப் போட்டிருக்கிறான். வகுப்பில் விசாரித்தபோது, யாரும் மிரட்டாமலே அவன் எழுந்து நின்று, “நான்தான் சார்” என்றான். அந்த நேர்மைக்காக அவனை நான் இன்றும் மதிக்கிறேன். அவனைவிட அதிகம் யோசித்திருக்க வேண்டியவன் நான். அந்தப் படத்தில் எங்கள் மாவட்டத்தின் பெயர் இருந்தது, தேதி இருந்தது. ஆனால் கலெக்டர் அலுவலகத்தின் பக்கத்தையோ தொலைக்காட்சிச் செய்தியையோ நான் பார்க்கவில்லை. ஒரு ஆசிரியருக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தால்கூட அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

விடுமுறைப் பொய்யில் ஒரு நாள் போகும். உயிரே போனதும் உண்டு. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வத்தைக் கும்பிடத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் காரில் போனது. போளூர் பக்கம் அத்திமூர் கிராமத்தில் வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். கடத்தல்காரர்கள் என்று கூட்டம் கூடி அடித்தது. 65 வயது அம்மா ஒருவர் இறந்தே போனார். கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம். அடித்தவர்கள், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று நம்பியவர்கள். அந்த நம்பிக்கையை அவர்கள் கைக்குள் கொண்டுவந்து கொடுத்தவர்கள் யாரையும் அடிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஒரு பட்டனைத் தொட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பார்த்தால் வயிறு கலங்கும். ஆனால் அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்களே திரும்பி வந்து பையனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிச் சில நொடிகளை யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். மிச்சம் இருந்ததைப் பார்த்து நாடே பதறியது.

அதற்குப் பிறகுதான், 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஆளும் குரூப்பும் சேர்த்து ஐந்துக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றுவதாக வாட்ஸ்அப் நிறுவனம் அறிவித்தது. செய்தியின் தலையில் ஒரு அம்புக்குறி இருந்தால் அது அனுப்பியவர் எழுதியதல்ல, எங்கிருந்தோ வந்தது. இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கையாவது மாறி வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்பலாம். ஆனால் உள்ளே இருப்பது மெய்யா பொய்யா என்று அந்த அம்பு சொல்லாது. செய்திகள் பூட்டப்பட்டே போகின்றன, நடுவில் எடுத்துப் படிக்க அந்த நிறுவனத்தாலும் முடியாது. ஆகவே வழியில் தடுத்து நிறுத்த யாரும் இல்லை. தடுப்பதென்றால் நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டுப் போனுக்கு வந்த ஒரு ஃபார்வர்டை எடுத்துக்கொள்ள வேண்டும். அனுப்பியவரிடம், “உங்களுக்கு யாருங்க அனுப்புனாங்க?” என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். அவர் சொல்லும் ஆளிடம் போய் அதையே கேட்க வேண்டும். ஒரு சிறுமி, தேங்காய் எண்ணெய் டெங்குவைத் தடுக்கும் என்ற செய்தியைப் பிடித்துக்கொண்டு போனாள். சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, அக்காவோடு தையல் வேலை செய்பவர், அவருடைய மச்சான் என்று நான்கு பேரைக் கண்டுபிடித்தாள். மச்சான், “ஏதோ குரூப்புல வந்துச்சும்மா” என்றார். அதோடு கதவு மூடிக்கொண்டது. நான்கு பேரும் நல்லவர்கள், நான்கு பேரும் அக்கறையில்தான் அனுப்பினார்கள். ஆனால் சொன்னது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தச் சிறுமி அன்று கற்றதை எந்தப் பாடப் புத்தகத்தை வைத்தும் என்னால் நடத்தியிருக்க முடியாது.

வேறொன்றையும் உங்களிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன். கூடப் படிக்கும் பிள்ளையைக் கேலி செய்து படமோ வீடியோவோ வந்தால் அதை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள், அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். உங்கள் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் மூடி மறைக்காதீர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், டீச்சரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

இன்று ராத்திரி வீட்டுப் போனை வாங்கி, கடைசியாக வந்த ஃபார்வர்டைப் பாருங்கள். அனுப்பியவர் சித்தப்பாவாக இருந்தாலும், என்னைப் போன்ற வாத்தியாராகவே இருந்தாலும், “இது உங்களுக்கு யார் சொன்னது?” என்று கேளுங்கள். பெரியவர்களைக் கேள்வி கேட்கிறோமே என்று தயங்காதீர்கள். அன்றைக்கு அந்த எட்டாம் வகுப்புப் பெண் என்னை அப்படிக் கேட்டிருக்க வேண்டும்.